சிவப்பில் விழுந்த காந்தாரம்

சனிக்கிழமை மாலை நான்கு இருபத்தேழு. மேடைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் பார்த்தேன். எது நடந்தாலும் மணியைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வது என் தொழில் எனக்குக் கொடுத்த பழக்கம். மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பக்திப் பாடல் போட்டி அது. மேடையில் என் மகள், பதினைந்து வயது. அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. பாடுகிறவரின் குரல் அதில் ஒரு கோடாக ஓடும். சுரம் சரியாக இருந்தால் பச்சை, விலகினால் சிவப்பு. அவள் காந்தாரத்தைப் பிடித்து நீட்டினாள். ச ரி கவில் மூன்றாவதாக வருகிற அந்தக் 'க'. கோடு சிவப்பானது.

திரை முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை, எங்களுக்குத்தான் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துப்பட்டா விலகிவிட்டதோ என்று நினைத்து அவள் ஒரு கையால் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாட்டை நிறுத்தவில்லை. மறுபடியும் காந்தாரம் வந்தது, மறுபடியும் சிவப்பு. சிரிப்பு இரண்டு வரிசைக்குப் பரவியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்ததைப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல வரிகளை ஒப்பித்து முடித்தாள்.

"பரவால்ல கண்ணு, அடுத்த வருஷம் வரும்போது சுருதியையும் கையோட கூட்டிக்கிட்டு வா!" என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். மண்டபமே சிரித்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று. இறுதிச் சுற்றுக்குப் போக எழுபது வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொன்னதாக இருக்க வேண்டாம். அந்தத் திரை அங்கே வந்ததற்கு நானும் ஒரு காரணம். முந்தைய ஆண்டு முதல் பரிசு ஒரு நடுவருடைய தங்கை மகளுக்குப் போனது. பெற்றோர் ஐந்து பேர் சேர்ந்து சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தோம். அதை எழுதியது நான். "அளக்க முடிந்ததை அளந்து மதிப்பெண் கொடுங்கள்" என்ற வரியும் என்னுடையதுதான். அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அழுத்தமானி, வெப்பமானி, தராசு எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு மூல அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன், இல்லாவிட்டால் சிவப்பு. எந்தக் கருவியும் எனக்கு மாமன் மச்சான் கிடையாது. அதனால்தான் சிவப்புக் கோடு என் பிள்ளையின் மேல் விழுந்தபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. என்னை இன்னமும் உலுக்குவது இதுதான். மண்டபத்தில் சிரித்தவர்களை மன்னித்துவிடலாம். நான் அந்தத் திரையை நம்பினேன்.

அடுத்த பதினொரு மாலைகள் நானே அவளை உட்கார வைத்தேன். சுருதி காட்டும் ஒரு செயலியை என் போனில் இறக்கிக்கொண்டேன். அரைச்சுர இடைவெளி ஒன்றை நூறாகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேலே, எத்தனை பங்கு கீழே என்று ஓர் ஊசி காட்டும். அந்தப் பங்குக்கு சென்ட் என்று பெயர். பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு வந்து உட்காருவாள். அவள் போனில் தம்புரா ஓடும். பாட்டு டீச்சர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனதிலிருந்து ஒன்றரை வருடமாக அந்தத் தம்புராதான் அவளுக்கு எல்லாம். என் போனில் ஊசி. நான் ஒரு தாளில் கோடு போட்டு எழுதுவேன். பஞ்சமம், இரண்டு மேலே. மத்தியமம், இரண்டு கீழே. அதெல்லாம் பரவாயில்லை. காந்தாரம், பதினான்கு கீழே. தைவதம், பதினாறு கீழே. நிஷாதம், பன்னிரண்டு கீழே.

"ஏத்து. இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றுவாள். ஊசி பச்சைக்கு வரும். சோற்றில் கல் கடித்தது போல அவள் முகம் சுளிக்கும்.

"ம்மா, மேல போனா தம்புராவோட ஒட்ட மாட்டேங்குதும்மா. என்னமோ கடிக்குது."

"கடிக்கட்டும். பச்சை வருதுல்ல?"

இப்படிச் சொன்னது நான்தான்.

பன்னிரண்டாம் மாலை அவள் வந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே என் போனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள். "பதினோரு நாள் பாடியிருக்கேன். ஒரு தடவகூட நீங்க என் மூஞ்சியப் பாக்கல. ஊசியத்தான் பாத்தீங்க. இனிமே ஊசியவே பாடச் சொல்லுங்க." அறைக்குள் போய்விட்டாள். கதவைப் படாரென்று அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

அன்றிலிருந்து பாட்டு நின்றது. பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடும்போதுகூட இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். நான் கதவருகே நின்று காது கொடுப்பேன், அவள் வெளியே வருவதற்குள் சமையலறைக்கு நழுவிவிடுவேன். சாப்பிட்டாளா, தூங்கினாளா, போனில் யாரோடு பேசுகிறாள் என்றெல்லாம் கவலைப்படுகிற தாய் நான். அந்த ஐந்து வாரத்தில் அதெல்லாம் போய், ஒரே ஒரு கவலைதான் மிச்சம். இந்தப் பிள்ளை இனிமேல் வாயைத் திறந்து பாடுமா? தினமும் விடியலில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டார், "ஏன் வீடு கிளினிக் மாதிரி கெடக்கு?" அவள் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

அந்தத் தாள் என் கைப்பையிலேயே கிடந்தது. ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் வேறு எதையோ தேடப் போய் அது கையில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். காந்தாரத்துக்கு நேரே, பதினொரு நாளும் நான் திருத்துவதற்கு முன்பு அவள் தானாகப் பாடிய அளவுகள்: பதினான்கு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினான்கு, பதினான்கு. மீதி நாட்களும் இப்படியே. எல்லாமே கீழே. எல்லாமே ஒரே பக்கம்.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அங்கும் இங்குமாக விலகினால் கருவி கெட்டுவிட்டது. தினமும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் கருவி நலமாக இருக்கிறது, நீ எதோடு ஒப்பிட்டாயோ அதைப் போய்ப் பார். ஓர் அழுத்தமானி இப்படி அளவு காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் பதினொரு மாலை ஆகியும் எனக்குத் தோன்றவில்லை.

எதிர் மேசையில் இருக்கும் சீனப் பெண் தாளை எட்டிப் பார்த்தாள். "இது என்ன கருவி, இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது?" என்று மலாயில் கேட்டாள். என் மகள் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். அங்கேயே போன் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஜொகூர் பாருவில் ஓர் இசைப்பள்ளியில் அவரைப் பார்த்தேன். ஒரு பியானோவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே குனிந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். நிமிடத்துக்கு ஒரு முறை அவர் போன் அடித்தது, அத்தனை வேலை. தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

"டியா பெத்துல். பியானோ யாங் சாலா," என்றார். அவள் சரி, பியானோதான் தப்பு.

அவர் தன் கருவிப்பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு நான் உட்கார இடம் கொடுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "செமுவா சாலா சிக்கிட், பாரு செமுவா போலே மாயின்." எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தப்பாக இருந்தால்தான் எல்லாவற்றையும் வாசிக்க முடியும்.

நம் ச-வும் க-வும் போன்ற இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தினார். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அலை," என்றார். பிறகு கேட்டது. ஒலிக்குள் வேகமான ஒரு துடிப்பு, தகரக் கூரையில் காற்று அடிப்பதைப் போல. ஒரு கம்பியைச் சாவியால் மிக மெல்லத் தளர்த்தினார். துடிப்பு மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. இரண்டு ஒலியும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன. கம்பி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று என் போனில் பார்த்தேன். பதினான்கு. உடனே அதே கம்பியை வேறொரு சுரத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டினார். காது கூசியது. தோளைக் குலுக்கிவிட்டுக் கம்பியைப் பழைய இடத்துக்கே ஏற்றினார். "இப்படி விட்டுவிட்டுப் போனால் இங்கே என்னை அடிப்பார்கள்."

வீட்டுக்கு வந்து இதற்கான சொற்களைத் தேடத் தொடங்கினேன். புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன், நான் இசை படித்தவள் இல்லை. ச-விலிருந்து ப-வுக்கு ஒரு தாவல். அந்தப் ப-வையே ச-வாக வைத்துக்கொண்டு மறுபடி அதே தாவல். இப்படிப் பன்னிரண்டு முறை தாவினால் ஏழு ஸ்தாயி மேலே புறப்பட்ட சுரத்துக்கே வந்து சேர வேண்டும். சேராது. அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு தாண்டிப் போய் நிற்கும். யாருடைய தவறும் இல்லை, கணக்கே அப்படி. தாண்டிப்போன அந்தத் துண்டுக்கு கமா என்று பெயர். கிரேக்கத்தில் வெட்டி எடுத்த துண்டு என்று பொருளாம். அந்தத் துண்டை எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் மேற்கத்திய விசைப்பலகைகளின் பல நூறு ஆண்டுக் கதை. ஒரு காலத்தில் யாரும் அதிகம் வாசிக்காத ஒரு மூலையில் அதைத் தள்ளிவைத்தார்கள். அந்த மூலையைத் தொட்டால் ஊளையிடும். அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்தார்கள். பிறகு பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் நிற்கும்படி குறையை எல்லாத் தாவல்களுக்கும் பங்கு போட்டார்கள். ஓநாய் போனது. ப-வுக்கு இரண்டு பங்குதான் நஷ்டம். காந்தாரமோ, ஒட்டி ஒலிக்கும் இடத்திலிருந்து பதினான்கு பங்கு மேலே தள்ளி நின்றது. இந்த ஏற்பாட்டுக்கு டெம்பரமென்ட் என்று பெயர். லத்தீனில் அளவு பார்த்துக் கலப்பது, மட்டுப்படுத்துவது என்கிற சொல்லிலிருந்து வந்ததாம்.

நல்ல ஏற்பாடு. அதனால்தான் எந்தச் சுருதியிலிருந்து தொடங்கியும் எந்தப் பாட்டையும் ஒரே கீபோர்டில் வாசிக்க முடிகிறது. எனக்கு அதோடு சண்டையில்லை. சண்டையெல்லாம், பேசி முடித்த ஓர் ஏற்பாட்டை இயற்கை விதி என்று சொல்லிப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் மாட்டிவைப்பவர்களோடுதான்.

நம் சொற்களையும் தேடினேன். சுருதி என்ற சொல்லுக்கு வேர், கேட்பது. பழைய தமிழில் சுரத்துக்கு நரம்பு என்று பெயர், இடைவெளியை அளக்கிற சொல் அலகு. அளப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அலகைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. ஒரு நரம்புக்கும் இன்னொரு நரம்புக்கும் உள்ள உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று வகுத்திருக்கிறார்கள். ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழைய உரைகள் சொல்லும் கணக்கு. எப்படி எண்ணுவது என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் சச்சரவு உண்டு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தச் சொற்களில் எதுவுமே தனியாக நிற்கும் ஒரு சுரத்துக்கு மதிப்பெண் போடவில்லை. எதோடு சேர்ந்து ஒலிக்கிறாய் என்று கேட்கின்றன.

என் மகள் போட்டியில் எதோடு சேர்ந்து பாடினாள்? பக்திப் பாடல் பிரிவில் கீபோர்டு கிடையாது. பின்னணியில் தம்புரா மட்டும். தன் காதில் விழுந்ததோடு அவள் ஒட்டி நின்றாள். திரையோ, அந்த மண்டபத்தில் யாருமே வாசிக்காத ஒரு பியானோவோடு அவளை ஒப்பிட்டது.

இதைத்தான் சங்கத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. போன் செய்தேன். செயலாளர் நல்ல மனிதர். கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். திரை ஓடியதும் அவருடைய மடிக்கணினியில்தான். "என்னா தங்கச்சி, மெஷின் வேணும்னு எழுதினதும் நீங்க, இப்ப மெஷின் வேணாம்னு எழுதறதும் நீங்களா?" என்றார்.

"ஆமாண்ணே. ரெண்டும் நான்தான். மொத கடுதாசி தப்பு."

"அலமாக்," என்று பெருமூச்சு விட்டார். "சரி, ஞாயித்துக்கெழம பத்து மணிக்குக் கமிட்டி உக்காருது. வந்து பேசுங்க."

ஞாயிறு காலை, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியிலிருந்த சங்க அறைக்குப் போனேன். கையில் சிறிய கீபோர்டு ஒன்று, தம்புராவுக்குப் போன், அந்தத் தாள். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நாற்காலிகளில் கமிட்டியார் ஐந்து பேர். தம்புராவை ஓடவிட்டு, கீபோர்டில் காந்தாரத்தை அழுத்திப் பிடித்தேன்.

"அலை கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல லா," என்றார் பொருளாளர்.

"உங்களுக்குக் கீழ ரொட்டி சானாய் தட்டுறது மட்டுந்தான் கேக்கும்," என்றார் அவர் பக்கத்தில் இருந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். "இருங்க, அடிக்குது. வவ்வவ்வவ்னு அடிக்குது."

செயலாளர் கையைத் தூக்கினார். "தங்கச்சி, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா மெஷினுக்குத் தங்கச்சி மகன்னு யாரும் கெடையாது. மனுசன உக்கார வச்சா மறுபடியும் சண்ட. அதனால ஒண்ணு பண்ணுவோம். புள்ளைக்கு ஒம்பது மார்க் கிரேஸ் போட்டு எழுபது ஆக்கிடறோம். ஃபைனலுக்கு வரட்டும். முடிஞ்சிருச்சில்ல?"

பொருளாளர் தலையாட்டினார். அந்த அம்மாவும் என்னைப் பார்த்து வாங்கிக்கொள் என்பது போலக் கண் காட்டினார். ஐந்து வாரத்துக்கு முன்பு என்றால் அழுதுகொண்டே வாங்கியிருப்பேன்.

"வேணாண்ணே. கிரேஸ்னா தப்ப மன்னிச்சு விடறது. அவ தப்பு பண்ணல. தப்பு பண்ணது உங்க திரை, அதுக்கப்பறம் நான். அறுபத்தொண்ண அடிச்சிட்டு, இந்தப் பிரிவுக்குத் திரை செல்லாதுன்னு எழுதி ஒட்டுங்க. அவ மட்டும் இல்ல, அன்னிக்குத் தம்புராவோட பாடி சிவப்பு வாங்கின எல்லாப் புள்ளைங்களுக்கும்."

"அப்ப மார்க்க எப்படிப் போடறது?"

"காதால கேட்டு. உங்க அஞ்சு பேருக்கும் காது இருக்குல்ல?"

செயலாளர் பேனாவை மேசையில் தட்டினார். "சரி. காதாலயே கேப்போம். புள்ளய வரச் சொல்லுங்க, இப்பவே பாடட்டும். பாடுவாளா?"

நான் தயாராகாமல் வந்த கேள்வி அது ஒன்றுதான். கமா தெரியும், ஓநாய் தெரியும், பதினொரு நாள் அளவும் மனப்பாடம். என் மகள் பாடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியலண்ணே," என்றேன். "அஞ்சு வாரமா பாடல. நான்தான் நிறுத்திட்டேன். பாடுன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல."

அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று கீபோர்டின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். பாடாவிட்டாலும் இந்தத் திரை இறங்க வேண்டும் என்று சொல்லத் தலையை நிமிர்த்தினேன். அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் என் கணவர், கையில் ஹெல்மெட்டோடு. "நீ இங்க தனியா சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். சொன்னதுமே செருப்ப மாட்டிக்கிட்டா," என்றார். அவருக்குப் பின்னால் அவள், வீட்டில் போடும் டி-சட்டையோடு, காற்றில் கலைந்த முடியோடு.

அறையை ஒரு முறை பார்த்தாள். என் பக்கம் வந்து, பாதி சுற்றியிருந்த வயரை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு செயலாளரைப் பார்த்துச் சொன்னாள்:

"அங்கிள், கீழ கடையில பாட்டு ஓடுது, அந்த ஜன்னல மட்டும் சாத்துறீங்களா? அம்மா, தம்புராவ வைங்க. மார்க் போடறதுன்னா பாடி முடிச்சப்புறம் போட்டுக்கங்க, பாடறப்ப யாரும் எழுதக்கூடாது."